தட்டின் மேல் ஊன்றிய விரல்: கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் உண்மையில் என்ன செய்தார்?

இசைத்தட்டு ஓடிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சட்டம் நினைவிருக்கும். தட்டை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். கறுப்புப் பரப்பில் விரல் பட்டால் முதுகில் ஒன்று விழும். எண்ணெய்ப் பிசுக்கு வரிகளுக்குள் இறங்கிவிடும், முள் கெட்டுவிடும், பாட்டு கரகரக்கும் என்று பெரியவர்கள் காரணமும் சொல்வார்கள். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியிலும் இதே சட்டம்தான். அங்கே ஜோசப் சாட்லர் என்ற சிறுவன் அப்பாவின் தட்டுகளைத் தொட்டதற்காக அடி வாங்கியிருக்கிறான். அடி பலிக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து, தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் விரலை ஊன்றி நிறுத்தினான், பின்னால் இழுத்தான், மறுபடி விட்டான். அதையே தொழிலாக்கிக்கொண்டான்.

அவர்தான் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். பெயர் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் என்ன செய்தார் என்று கேட்டால் பதில்கள் தடுமாறும். “‘தி மெசேஜ்’ என்ற புகழ்பெற்ற ராப் பாட்டைப் பாடியவர்தானே?” என்பார்கள். அவர் அதைப் பாடவில்லை. “முதல் ராப்பர்களில் ஒருவர்” என்பார்கள். அவர் ராப்பரே அல்ல. “ஸ்கிராட்ச் சத்தத்தைக் கண்டுபிடித்தவர்” என்பார்கள். அந்தப் பெருமை இன்னொருவருக்கு உரியது. இந்த மூன்றையும் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்ற கேள்வி நியாயமானது. நிறையவே மிஞ்சும். அதைப் புரிந்துகொள்ள இசையறிவு தேவையில்லை. ஓர் இசைத்தட்டு எப்படிச் சுற்றும் என்று தெரிந்தால் போதும்.

ராப் வேறு, ஹிப்ஹாப் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தாளத்துக்கு ஏற்ப எதுகை மோனையோடு பேசுவது ராப். பேசுபவர் எம்சி. ஹிப்ஹாப் என்பது அதைவிடப் பெரிய வீடு. இசைத்தட்டுகளைக் கையாளும் டிஜே, பேசும் எம்சி, ஆடுபவர்கள், சுவரில் வண்ணம் அடிப்பவர்கள் ஆகிய நால்வரும் குடியிருக்கும் வீடு. வீட்டைக் கட்டியவர் டிஜே. மற்றவர்கள் அவர் எழுப்பிய சத்தத்தைக் கேட்டு வந்து சேர்ந்தவர்கள்.

கச்சேரி மொழியில் சொன்னால் எளிது. 1970களின் பிராங்க்ஸில் டிஜேதான் பிரதான வித்வான். எம்சி பக்கவாத்தியம். அதனால்தான் குழுக்களின் பெயரில் டிஜேயின் பெயர் முதலில் வரும்: கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ். முன்னால் நிற்பது வித்வானின் பெயர், பின்னால் வருவது ஐந்து பக்கவாத்தியக்காரர்கள். சில ஆண்டுகளில் இந்த இருக்கை தலைகீழாக மாறியது. ஃப்ளாஷின் தொழில் வாழ்க்கையில் நடந்த விநோதங்கள் எல்லாம் இந்த இடமாற்றத்தால் வந்தவை.

தனி ஆவர்த்தனம் மட்டும் போதும்

கர்நாடகக் கச்சேரியில் ஒரு கட்டத்தில் பாடகரும் வயலினும் ஓய்ந்துவிட, மிருதங்கமும் கடமும் மட்டும் பேசிக்கொள்ளும். தனி ஆவர்த்தனம். நம் சபாக்களில் அந்த நேரத்தில்தான் பாதிக் கூட்டம் கேன்டீனுக்கு எழுந்து போகும். பிராங்க்ஸில் நேர் எதிர். அமெரிக்க ஃபங்க், சோல் பாட்டுகளிலும் இப்படி ஒரு பகுதி வரும்: பாட்டுக்காரர் நிறுத்துவார், கிட்டார் நிற்கும், டிரம்ஸ் மட்டும் சில விநாடிகள் தனியாக ஓடும். இதற்குப் பெயர் பிரேக். அந்தச் சில விநாடிகளுக்காகவே காத்திருந்து, அது வந்ததும் களத்தில் குதித்து ஆடும் இளைஞர்கள் அங்கே இருந்தார்கள். பிரேக்குக்கு ஆடியதால்தான் அந்த ஆட்டம் பிரேக் டான்ஸ் ஆனது.

இதை முதலில் கவனித்தவர் டிஜே கூல் ஹெர்க். கிளைவ் கேம்பெல் என்பது இயற்பெயர். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 1967இல் பிராங்க்ஸுக்கு வந்தவர். 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் அவருடைய தங்கை சிண்டி ஒரு விருந்து நடத்தினார். பள்ளி திறக்கும் முன் புதுத் துணி வாங்கக் காசு சேர்ப்பது நோக்கம். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். அண்ணன் தட்டு போட்டார். ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படுவது இந்த நாள்தான்.

ஹெர்க்கின் யோசனை எளியது. பிரேக் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. கூட்டத்துக்கு அதுதான் வேண்டும். அப்படியானால் அதே தட்டில் இரண்டு பிரதிகளை வாங்கி, இரண்டு இயந்திரங்களில் போட்டு, ஒன்றில் பிரேக் முடிந்ததும் மற்றொன்றில் அதையே தொடங்கினால்? ஒரு பந்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த பந்திக்கு இலை போடுவது போல. பத்து விநாடி பிரேக்கைப் பத்து நிமிடம் ஓட்டலாம். அவர் இதை ராட்டினம் என்று பொருள்படும் பெயரால் அழைத்தார். தட்டுகளின் லேபிளைத் தண்ணீரில் நனைத்து உரித்துவிடும் பழக்கமும் அவருக்கு உண்டு. போட்டியாளர்களுக்குப் பாட்டின் பெயர் தெரியக் கூடாதல்லவா.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பாட்டில் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் துண்டு பிரேக். இரண்டு பிரதிகளைக் கொண்டு அதை நீட்டியவர் ஹெர்க். ஃப்ளாஷ் இன்னும் மேடைக்கு வரவில்லை.

பார்வையாளராக வந்த பையன்

ஜோசப் சாட்லர் 1958 ஜனவரி 1 அன்று பார்படோஸ் தீவின் பிரிட்ஜ்டவுனில் பிறந்தவர். குடும்பம் பிராங்க்ஸுக்குக் குடியேறியது. வீட்டில் எந்த மின்சாதனமும் அவர் கையில் தப்பவில்லை. திருப்புளியால் கழற்றிப் பார்த்துவிடுவார். இதைச் சரியான வழியில் திருப்பச் சாமுவேல் கோம்பர்ஸ் தொழிற்பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே மின்னணுச் சாதனங்களைப் பழுது பார்க்கக் கற்றார். ஹிப்ஹாப் வரலாற்றில் கவிதையைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்தப் பள்ளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்த இசையின் அடித்தளத்தில் பாதி, சாலிடரிங் கம்பியின் புகையில் உருவானது.

பதின்ம வயதில் ஹெர்க்கின் விருந்துக்குப் போய்ப் பார்த்தார். பிரம்மாண்டமான ஸ்பீக்கர்கள், அதிரும் சத்தம், ஆடும் கூட்டம். எல்லாம் பிடித்தது. ஆனால் ஒரு குறை உறுத்தியது. ஹெர்க் முள்ளைக் கண் மதிப்பில்தான் இறக்குவார். தட்டின் வரிகளைப் பார்த்து, பிரேக் இருக்கும் இடம் இதுதான் என்று குத்துமதிப்பாக வைப்பார். அது சில நேரம் தாளத்தில் ஒரு அடி முன்னால் விழும், சில நேரம் பின்னால். ஒரு பிரேக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது தாளம் அறுந்து, ஆடுகிறவர்களின் கால் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும்.

தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு இந்த வலி புரியும். சுரம் பாடி முடித்துப் பல்லவிக்குத் திரும்பும்போது எடுப்பில், அதாவது பல்லவி தொடங்கும் அதே தாள இடத்தில், வந்து விழ வேண்டும். அரை அட்சரம் தவறினாலும் முன்வரிசை மாமாவின் முகம் சுளிக்கும். ஹெர்க்குக்கு எடுப்பைப் பற்றிய கவலையில்லை; அவருடைய பலம் பாட்டுத் தேர்விலும் சத்தத்திலும் இருந்தது. அதே ஊரில் பீட் டிஜே ஜோன்ஸ் என்ற டிஸ்கோ டிஜே இருந்தார். அவர் ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குத் தையல் தெரியாமல் போவார். ஆனால் அவர் போடுவது முழு முழுப் பாட்டு, பிரேக் அல்ல.

ஃப்ளாஷ் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட வேலை இதுதான்: ஹெர்க்கின் பிரேக், ஜோன்ஸின் தையல். பத்து விநாடித் துண்டை, ஒரு அடி கூடப் பிசகாமல், வேண்டும் மட்டும் சுழற்றிக்கொண்டே இருப்பது. சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்கு மூன்று தடைகள் இருந்தன.

முதல் தடை: உராய்வு

டர்ன்டேபிள் என்பது தட்டைச் சுழற்றும் இயந்திரம். அதில் மோட்டாரால் சுற்றும் உலோக வட்டத்தைச் சுழல்மேடை என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் ஒரு ரப்பர் விரிப்பு, விரிப்பின் மேல் தட்டு. தட்டு நழுவாமல் இருக்கத்தான் ரப்பர். வீட்டில் பாட்டுக் கேட்பவருக்கு அது வசதி, ஃப்ளாஷுக்கு அதுவே எமன். தட்டைக் கையால் நிறுத்தினால் ரப்பர் பிடித்துக்கொள்ளும். சுழல்மேடையும் சேர்ந்து நிற்கும். கையை எடுத்தால் மோட்டார் மறுபடி வேகம் பிடிக்க நேரமாகும். அதுவரை பாட்டு இழுவையாய்க் குழறும்.

கனமான பீரோவை நகர்த்தும்போது நாம் என்ன செய்கிறோம்? அடியில் சாக்கை விட்டு இழுக்கிறோம். பீரோவுக்கும் தரைக்கும் இடையில் வழுக்கும் ஒன்று வேண்டும். ஃப்ளாஷின் அம்மா தையல் வேலை செய்தவர், ஆகவே துணி வகைகள் மகனுக்கும் அன்னியமில்லை. துணிக்கடையில் தடவிப் பார்த்துத் தேர்ந்தது ஃபெல்ட் என்ற கம்பளித் துணி. தட்டின் அளவுக்கு இரண்டு வட்டங்கள் வெட்டினார். துணி தொளதொளவென்று மடங்கியது. அம்மா துணிக்குப் போடும் கஞ்சி ஸ்பிரேயை அடித்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, அப்பளம் போல் விறைப்பாக்கினார். அதை ரப்பர் இருந்த இடத்தில் வைத்தார்.

இப்போது கீழே சுழல்மேடை தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே தட்டு விரலின் அடியில் அசையாமல் நிற்கும். விரலை எடுத்த கணத்தில் தட்டு முழு வேகத்தில் ஓடத் தொடங்கும். அவர் இதற்கு வேஃபர் என்று பெயர் வைத்தார். இன்று உலகெங்கும் டிஜேக்கள் பயன்படுத்தும் ஸ்லிப்மேட் என்ற விரிப்பு இதே வேலையைத்தான் செய்கிறது. கஞ்சி போட்டுத் தேய்க்கும் சிரமம் மட்டும் இல்லை.

இரண்டாம் தடை: காது

ஒரு தட்டு கூட்டத்துக்கு ஒலித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த தட்டில் பிரேக் எங்கே தொடங்குகிறது என்று தான் மட்டும் கேட்க வேண்டும். ஜோன்ஸிடம் அதற்கு வசதி இருந்தது. ஃப்ளாஷிடம் இருந்த மிக்சரில் இல்லை. மிக்சர் என்பது இரண்டு டர்ன்டேபிள்களின் ஒலியையும் வாங்கி, எதை எவ்வளவு வெளியே விடுவது என்று தீர்மானிக்கும் பெட்டி.

தொழிற்பள்ளி இங்கே கைகொடுத்தது. உதிரிபாகக் கடையில் இருபுறமும் தள்ளக்கூடிய ஒரு சுவிட்சை வாங்கி, பசை போட்டு மிக்சரின் தலையில் ஒட்டினார். ஒரு பக்கம் தள்ளினால் இடது தட்டு ஹெட்போனில் கேட்கும், மறுபக்கம் தள்ளினால் வலது தட்டு. நடுவில் விட்டால் எதுவும் இல்லை. சிக்னல் பலம் போதவில்லை என்பதால் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர். எட்டிப் பார்த்து ஒளியும் குழந்தை விளையாட்டின் பெயரை இதற்குச் சூட்டினார்: பீக்-அ-பூ. ஒரு சுவிட்ச், கொஞ்சம் பசை, ஒரு ஹெட்போன். பார்வைக்குத் தெருவோர ரேடியோ மெக்கானிக்கின் மேஜை போல இருந்திருக்கும்.

மூன்றாம் தடை: திரும்பிப் போகும் வழி

மூன்றில் அழகானது இது.

பழைய டேப் ரெக்கார்டரில் மூன்று இலக்க எண் சக்கரம் ஒன்று இருக்கும். பாட்டு தொடங்கும் இடத்தில் அதை 000 என்று வைத்துவிட்டால், கேட்டு முடித்த பிறகு 000 வரும்வரை பின்னால் ஓட்டினால் போதும். அதே இடத்துக்கு வந்துவிடலாம். இசைத்தட்டில் அப்படி எண் எதுவும் கிடையாது. முள்ளைத் தூக்கித் தேடி வைப்பதுதான் வழக்கம். ஃப்ளாஷ் முள்ளைத் தூக்கவே இல்லை. முள் வரியிலேயே இருக்க, தட்டையே பின்னோக்கிச் சுற்றினார். அப்படிச் சுற்றும்போது முள் வரியை விட்டுத் துள்ளக் கூடாது என்பதற்காகக் கூம்பு வடிவ முனையுள்ள முள்ளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

எவ்வளவு சுற்றுவது? அங்கேதான் கடிகாரம் வருகிறது. தட்டின் மேல் கிரேயானால் ஒரு கோடு. அதுதான் கடிகார முள்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. நிமிடத்துக்கு 100 அடி விழும் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம் (கணக்குக்கு வசதியாக நான் தேர்ந்த வேகம்). அடிக்கு 0.6 விநாடி. அப்படியானால் ஒரு சுற்றில் சரியாக மூன்று அடி. பிரேக்கின் முதல் அடியில் கோடு 12 மணி இடத்தில் இருந்தால், இரண்டாம் அடியில் 4 மணிக்கு வரும், மூன்றாம் அடியில் 8 மணிக்கு, நான்காம் அடியில் மறுபடி 12 மணிக்கு. பதினாறு அடிகள் ஓடி முடிந்ததும், கோடு ஐந்து முழுச் சுற்று சுற்றி, மேலும் மூன்றில் ஒரு சுற்று போய், 4 மணியில் இருக்கும்.

திரும்ப வேண்டுமா? ஐந்து சுற்று பின்னால் தள்ளு. கோடு 4 மணியிலிருந்து 12 மணிக்கு வரும்வரை இன்னும் கொஞ்சம் இழு. விரலை வைத்துப் பிடி. அவ்வளவுதான், முள் பிரேக்கின் முதல் அடியில் காத்திருக்கிறது. இதைச் செய்ய உள்ள நேரம், அடுத்த தட்டில் அதே பதினாறு அடிகள் ஓடும் 9.6 விநாடி. அதற்குள் சுற்றி, பிடித்து, ஹெட்போனில் சரிபார்த்து, சரியான கணத்தில் விரலை எடுத்து, மிக்சரைத் திருப்ப வேண்டும். உடனே மற்றொரு கை மற்றொரு தட்டில் இதையே தொடங்க வேண்டும். இரவு முழுக்க.

இதற்கு அவர் வைத்த பெயர்கள் கொஞ்சம் ஆடம்பரமானவை: கடிகாரக் கோட்பாடு, விரைவுக் கலவைக் கோட்பாடு. கோட்பாடு என்ற சொல்லைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இருக்கலாம். நான் சிரிக்க மாட்டேன். அளந்து, கணக்கிட்டு, யார் செய்தாலும் அதே விளைவு வரும்படி ஒரு முறையை வகுத்தால் அதற்கு வேறென்ன பெயர்?

மூன்று தடைகளும் தீர்ந்த நிலையில் நிற்கிறோம். வழுக்கும் துணியால் தட்டை நிறுத்தவும் விடவும் முடிந்தது. சுவிட்சால் தான் மட்டும் முன்கூட்டிக் கேட்க முடிந்தது. கோட்டால் தொடங்கிய இடத்துக்கே திரும்ப முடிந்தது. பாட்டை ஒலிபரப்பும் பெட்டியாக இருந்த டர்ன்டேபிள் வாசிக்கும் வாத்தியமாக மாறியது இந்த மூன்றும் சேர்ந்தபோதுதான்.

ஸ்கிராட்ச் யாருடையது?

விரலால் தட்டை முன்னும் பின்னும் அசைக்கும்போது ஹெட்போனில் ஒரு சத்தம் வரும். மரத்தில் அரம் தேய்ப்பது போன்ற சத்தம். அதைக் கூட்டத்துக்கே கேட்கும்படி, தாளத்தோடு சேர்த்து வாசிப்பதுதான் ஸ்கிராட்ச். இதற்கான பெருமை கிராண்ட் விசார்ட் தியோடருக்குப் பொதுவாகத் தரப்படுகிறது. ஃப்ளாஷோடு சேர்ந்து தட்டு போட்ட மீன் ஜீன் என்பவரின் தம்பி அவர். அறையில் சத்தமாகப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து கதவைத் தட்டித் திட்டினாராம். பையன் தட்டைக் கையால் பிடித்தபடி நிற்க, கை லேசாக அசைய, அந்தச் சத்தம் காதில் விழுந்தது. அதைப் பயின்று மேடைக்குக் கொண்டுவந்தார். ஃப்ளாஷ் அதை எடுத்துப் பட்டை தீட்டினார், பிரபலமாக்கினார். கண்டுபிடித்தவர் என்ற பட்டம் அவருக்குத் தேவையுமில்லை.

கூட்டம் ஆடவில்லை

இவ்வளவும் தயார் செய்துகொண்டு ஃப்ளாஷ் பூங்காவில் கருவிகளை இறக்கினார். அக்காலத்தில் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்து வெட்டவெளியில் பாட்டுப் போடுவது வழக்கம். அவர் தன் புதிய வித்தையைக் காட்டினார். பிரேக்கின் மேல் பிரேக், இமைக்கும் நேரத்தில் தாவல், ஒரு அடியும் தவறவில்லை.

யாரும் ஆடவில்லை. எல்லோரும் சும்மா நின்று அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜாலவித்தைக்காரனைச் சுற்றி நிற்கும் கூட்டம் போல. அன்று வீட்டுக்குப் போய் அழுததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கையில் இருந்த வித்தை மிக நுட்பமாகிவிட்டது. கூட்டத்தை ஆட்டிவைக்க ஒரு குரல் தேவைப்பட்டது.

முதலில் வந்தவர் கீத் விக்கின்ஸ், மேடைப் பெயர் கவ்பாய். கூட்டத்தைக் கைதட்ட வைப்பதிலும் பதில் சொல்ல வைப்பதிலும் மன்னர். ராணுவத்தில் சேர்ந்த நண்பனைக் கேலி செய்ய, அணிவகுப்பு நடையைப் போல “ஹிப், ஹாப்” என்று மைக்கில் அவர் சொன்னதிலிருந்துதான் ஹிப்ஹாப் என்ற பெயரே வந்தது என்று பரவலாகச் சொல்லப்படும் கதை உண்டு. அடுத்து மெல்வின் குளோவர் என்ற மெலி மெல், அவருடைய சகோதரர் கிட் கிரியோல், பிறகு ஸ்கார்பியோ, ரஹீம். ஐவரும் ஒருவர் சொல்லை ஒருவர் தொடுத்து, வரிக்கு வரி கைமாற்றிப் பேசினார்கள். 1976இல் மன்ஹாட்டனின் ஆடுபான் பால்ரூம் வரை ஃப்ளாஷின் கொடி பறந்தது; 1965இல் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்ட அதே அரங்கம்.

பக்கவாத்தியம் மேடையின் நடுவுக்கு வரத் தொடங்கியது அப்போதுதான். வித்வானே அழைத்து உட்காரவைத்தார் என்பதை மறக்கக் கூடாது.

கையை எப்படித் தட்டில் பதிவது?

1979 வரை இந்த இசை பெரும்பாலும் நேரில் கேட்பதாகவும் கேசட்டில் கைமாறுவதாகவுமே இருந்தது. பதிவு செய்து விற்க முடியும் என்று ஃப்ளாஷே நம்பவில்லை: ஒருவருடைய தட்டை வைத்துச் செய்வதை இன்னொரு தட்டாக யார் வாங்குவார்கள்? அந்த ஆண்டு நியூ ஜெர்சியில் சில்வியா ராபின்சன் நடத்திய சுகர் ஹில் நிறுவனம் ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற பாட்டை வெளியிட்டது. பெரும் வெற்றி. அதில் பேசிய மூவரும் பிராங்க்ஸின் களத்தில் பெயர் பெற்றவர்கள் அல்லர்.

அதைவிட முக்கியமான ஒன்று: அதில் டிஜேயே கிடையாது. பின்னணித் தாளத்தை ஸ்டூடியோ வாத்தியக்காரர்கள் புதிதாக வாசித்திருந்தார்கள். பதிவு நிறுவனத்துக்கு இது வசதி. டிஜே செய்வதைக் குழுவை வைத்து வாசித்துக்கொள்ளலாம். எம்சி செய்வதை எம்சிதான் செய்ய முடியும். குரலைத் தட்டில் ஏற்றலாம். கையை எப்படி ஏற்றுவது?

ஃப்ளாஷின் குழு முதலில் பாபி ராபின்சனின் என்ஜாய் நிறுவனத்துக்கு ஒரு பாட்டைக் கொடுத்துவிட்டு, 1980இல் சுகர் ஹில்லுக்குப் போனது. பெயர் ஃப்ளாஷுடையது, குரல் ஐவருடையது, வாத்தியம் ஸ்டூடியோக்காரர்களுடையது. தன் பெயரில் வந்த தட்டுகளில் அவருக்கே வேலை இல்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 1981இல் வந்த ‘தி அட்வென்சர்ஸ் ஆஃப் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் ஆன் தி வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’. ஏழு நிமிடச் சொச்சம். மூன்று டர்ன்டேபிள்களில் பிறருடைய தட்டுகளை ஃப்ளாஷ் நேரடியாகக் கையால் கலந்து செய்தது. ஷீக், குயின், பிளாண்டி ஆகிய குழுக்களின் பாட்டுகள் துண்டு துண்டாய் வந்து மோதும். பிளாண்டியின் பாட்டு உள்ளே வந்ததில் ஒரு குறும்பு இருக்கிறது: அந்தப் பாட்டிலேயே ஃப்ளாஷின் பெயரைச் சொல்லி அவர் வேகமானவர் என்று புகழும் வரி உண்டு, அவர் அந்த வரியையே எடுத்து ஸ்கிராட்ச் செய்து திருப்பிக் கொடுத்தார். டிஜேயின் கை ஒரு வாத்தியம் என்பதற்குப் பதிவான சாட்சியம் இது.

அதே ஆண்டு நியூயார்க்கில் தி கிளாஷ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு தன் நிகழ்ச்சிக்கு முன் வாசிக்க இவர்களை அழைத்தது. ராக் ரசிகர்கள் காகிதக் கோப்பைகளை வீசினார்கள். புரியாதபோது வீசுவதற்கு எந்த ஊர்க் கூட்டமும் தயங்குவதில்லை.

தி மெசேஜ்: பெயர் ஒருவருடையது, வேலை இருவருடையது

1982இல் வெளிவந்த ‘தி மெசேஜ்’ பாட்டின் பெரும்பகுதியை எழுதியவர் சுகர் ஹில்லின் வாத்தியக்காரர்களில் ஒருவரான எட் ஃப்ளெட்சர், அதாவது டியூக் பூட்டி. சேரி வாழ்வின் நெருக்கடியைச் சொல்லும் பாட்டு. உடைந்த கண்ணாடி, நாற்றம், கடன், கோபம். விருந்துக்கு வருகிறவர்கள் இதையா கேட்கப் போகிறார்கள் என்று ஃப்ளாஷும் மற்றவர்களும் தயங்கினார்கள். சில்வியா ராபின்சன் விடவில்லை. மெலி மெல் ஒப்புக்கொண்டார். 1979இல் தான் ஏற்கெனவே பாடியிருந்த ஒரு நீண்ட பகுதியைக் கடைசியில் சேர்த்தார்.

ஆக, அந்தப் பாட்டில் ராப் செய்வது மெலி மெல்லும் டியூக் பூட்டியும் மட்டுமே. ஃப்ளாஷின் தட்டு வேலை அதில் எங்கும் இல்லை. முடிவில் தெருமுனையில் நண்பர்கள் பேசிக்கொள்ளும் சிறு காட்சியில்தான் குழுவினர் வருகிறார்கள். காணொளியில் டியூக் பூட்டியின் குரலுக்கு ரஹீம் வாயசைப்பார். பின்னணிப் பாடகர் மரபில் வளர்ந்த நமக்கு இது அதிர்ச்சி தராது. ராப்பில் குரல்தான் ஆள் என்று நினைப்பவர்களுக்குத் தரும்.

பாட்டு பிரம்மாண்ட வெற்றி பெற்றது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2002ஆம் ஆண்டு முதன்முதலாகத் தேர்ந்த 50 தேசியப் பதிவுகளில் இடம்பெற்ற ஒரே ஹிப்ஹாப் பதிவும் இதுதான். அட்டையில் இருந்த பெயர் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ். உலகம் அட்டையைத்தான் படித்தது. அவர்தான் பாடினார் என்ற தவறான எண்ணம் அங்கே பிறந்து இன்றுவரை ஓடுகிறது.

சற்று நின்று பார்த்தால், இருக்கை மாற்றம் முடிந்துவிட்டது. பெயரில் முன்னால் இருப்பவர் பாட்டில் இல்லை. பாட்டில் இருப்பவர் பெயரில் பின்னால் இருக்கிறார். இருவருக்கும் நியாயமான மனக்குறை.

அதன் பிறகு

1983இல் ராயல்டி பாக்கி தொடர்பாக ஃப்ளாஷ் சுகர் ஹில் மீது வழக்குத் தொடர்ந்து வெளியேறினார். குழு இரண்டாக உடைந்தது. மெலி மெல் சுகர் ஹில்லிலேயே இருந்து பாடிய ‘வொயிட் லைன்ஸ்’ பாட்டின் லேபிளில் ‘கிராண்ட்மாஸ்டர் அண்ட் மெலி மெல்’ என்று போட்டார்கள். படித்தவர்கள் இதையும் ஃப்ளாஷ் கணக்கில் எழுதிவிட்டார்கள். அவருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

ஃப்ளாஷ் எலெக்ட்ரா நிறுவனத்தில் 1985 முதல் 1987 வரை ஆண்டுக்கொரு ஆல்பம் கொடுத்தார். 1988இல் பழைய குழு ஒரு முறை மீண்டும் கூடியது. எதுவும் பழைய சலசலப்பை ஏற்படுத்தவில்லை. 1989இல் கவ்பாய் இறந்தார். அதற்குள் அடுத்த தலைமுறை வந்துவிட்டிருந்தது. பிரேக்கைச் சுழற்ற டிஜேக்கு இரண்டு தட்டும் ஒரு விரலும் தேவைப்படவில்லை. சாம்ப்ளர் என்ற கருவி, ஒலித் துண்டு ஒன்றை நினைவில் வைத்து ஒரு பொத்தானில் திரும்பத் திரும்ப ஒலிக்கும். கஞ்சித் துணியும் கிரேயான் கோடும் பட்ட பாட்டை ஒரு சில்லு செய்தது. ஆனாலும் அது செய்தது அதே வேலைதான்: பிரேக்கை எடுப்பில் தொடங்கி எடுப்பில் முடித்துச் சுழற்றுவது.

மரியாதைகள் தாமதமாக வந்தன. 2007இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் ஹிப்ஹாப் குழு இவர்களுடையது. 2019இல் ஸ்வீடனின் போலார் இசைப் பரிசு ஃப்ளாஷுக்குக் கிடைத்தது.

கேட்கத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு

‘தி மெசேஜ்’ நல்ல பாட்டு, ஆனால் ஃப்ளாஷைக் கேட்க அது சரியான இடமல்ல. 1981இன் ஏழு நிமிடத் தட்டைத் தேடுங்கள், ஹெட்போனில் கேளுங்கள். முதல் முறை பாட்டுகளைக் கேட்டுவிடுங்கள். இரண்டாம் முறை காலால் தாளம் போட்டுக்கொண்டு, ஒரு பாட்டு வெட்டுப்பட்டு அடுத்தது நுழையும் இடங்களை மட்டும் கவனியுங்கள். உங்கள் கால் எங்காவது தடுமாறுகிறதா என்று பாருங்கள். நான் பல முறை முயன்றிருக்கிறேன். ஷீக்கின் பேஸ் கிட்டார் திரும்பத் திரும்ப வந்து விழும் இடத்தில் ஒவ்வொரு முறையும், இந்தத் தடவை தவறிவிடும் என்று நினைப்பேன். கால் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.